கெண்ட்ராவின் மண்டபத்தில் நான் தலையிடலாமா

1.

இந்தக் கதை ஒரு கையிலிருந்து வந்தது. தூக்கிய கை. அதில் ஒரு சிறிய மரச் சுத்தியல். அது மேசையில் விழுந்தால் ஓட்டெடுப்பு தொடங்கும்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவில், எங்கள் மாவட்டத்தில், குடியரசுக் கட்சியின் மாநாடு தீயணைப்பு நிலையத்தில்தான் நடக்கும். வண்டிகளை வெளியே நிறுத்தி, தரையைக் கழுவி, மடக்கு நாற்காலிகளைப் போட்டுவிட்டால் அதுதான் மண்டபம். நான் பிரதிநிதி இல்லை. காபி ஊற்றுகிறவர்களில் ஒருத்தி. குவளையோடு நிமிர்ந்தபோது அந்தக் கையைப் பார்த்தேன். அதே நேரம் மண்டபத்தில் பாதிப் பேரின் இடுப்பில், எங்கோ தீ என்று பேஜர் அலறியது. கார்களை நகர்த்துங்கள் என்று யாரோ கத்தினார்கள். ஓடிப்போய் நகர்த்தினேன். நகர்த்திய கையோடு தண்ணீர்ப் புட்டிகளை ஏற்றிக்கொண்டு தீ எரிந்த பக்கமே போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஓட்டெடுப்பு முடிந்து, எல்லோரும் ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்தார்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கலாம். இந்த ஊரில் கேட்காவிட்டாலும் சொல்வார்கள். நான் காதைப் பொத்தாத குறையாக வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். தெரிந்துவிட்டால் கிடைப்பது ஒரு செய்தி. தெரியாமலிருந்தால் ஒரு மாவட்டமே கிடைக்கும்.

ஆகவே இனி வரும் யாரும் எங்கள் ஊரில் இல்லை. அந்தக் கை மட்டும் நிஜம்.

2.

முதல் தொடக்கம்: பனி பெய்துகொண்டிருந்தது. சமோவாரின் அருகில் கெண்ட்ரா

இல்லை. நான் படிக்கிற நாவல்கள் எல்லாம் எங்கெங்கோ குளிர்ந்த நாடுகளிலிருந்து மொழிபெயர்ந்து வருபவை. அதனால் நான் எழுதும் எந்த மண்டபத்திலும் ஒரு சமோவார், அந்த ரஷ்யத் தேநீர்க் கலன், தானாக முளைத்துவிடுகிறது. நெப்ராஸ்காவில், வறண்ட வசந்தத்தில், தீயணைப்பு நிலையத்தில் இருந்தது ஒரு அலுமினியக் காபிக் கலன். மூடி சரியாக உட்காராது. மூன்று முறை சமோவாரைத் தூக்கி வெளியே வைத்தேன். இப்போது அது வாசலில் நிற்கிறது. கண்டுகொள்ளாதீர்கள்.

இரண்டாம் தொடக்கம்: அமெரிக்கப் பழமைவாதச் சிந்தனை மூன்று தூண்களின் மேல் நிற்கிறது என்பார்கள். முதலாவது

இதையும் விட்டுவிட்டேன். தூண் என்று வந்தால் அடுத்து கட்டடம் என்று வரும்; கட்டடத்துக்குள் ஆளே இருக்கமாட்டார்கள்.

[ஆனால் ஒரு அடைப்புக்குறிக்குள் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தமிழில் 'பழமைவாதி' என்று எழுதியதுமே உங்கள் மனத்தில் ஒருவர் வந்து முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவரை அன்போடு அனுப்பிவிடுங்கள். இங்கே வரப்போகிறவர்கள் நிறையச் சிரிப்பவர்கள். குடும்பம், தேவாலயம், பக்கத்து வீடு ஆகியவற்றால் முடியாததை மட்டும் அரசாங்கத்திடம் கொடுத்தால் போதும் என்பவர்கள். முகம் தெரியாத ஒருவர் தூரத்தில் உட்கார்ந்துகொண்டு தங்களுக்கு நல்லது செய்யத் திட்டம் போடுகிறார் என்றாலே இவர்களுக்கு முதுகில் அரிக்கும். பள்ளிக்கூடம், வரி, பிரார்த்தனை எதிலும் ஒத்துப்போவார்கள். வெளிநாட்டு விவகாரம் என்று வந்தால் மட்டும் இரண்டாகப் பிளந்து, ஒரே மேசையில் ஒருவருக்கொருவர் உப்பை நகர்த்திக் கொடுத்துக்கொண்டே சண்டை போடுவார்கள். என் கதை அந்த உப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது.]

மூன்றாம் தொடக்கம்: கெண்ட்ரா லிண்ட்வாலுக்கும் ரஸல் ப்ரோகாப்புக்கும் அடுத்த சனிக்கிழமை கல்யாணம்.

இது நிற்கிறது. இதை யாரும் தொடாதீர்கள்.

3.

கெண்ட்ரா மாவட்டக் கட்சியின் தலைவர். இளம் வயதில் ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் லாரி ஓட்டியவள். அவளுடைய லாரிக்கு முன்னால் நசீர் என்ற மொழிபெயர்ப்பாளன் நடந்து போவான். கண்ணிவெடிக்குப் பயந்து, அவன் கால் வைத்த இடத்தில்தான் அவள் சக்கரம் போகும். கிளம்பும்போது அவனிடம், உன்னை விட்டுவிட மாட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தாள். அவன் இன்னும் அங்கே எங்கோ ஒளிந்திருக்கிறான். எப்போதாவது ஒரு குறுஞ்செய்தி வரும். பெரும்பாலும் வானிலை பற்றி.

ரஸலுக்குச் சோளமும் மாடுகளும். அவனுடைய தம்பி டேரல் அதே போருக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தான்.

[ஒரே போர், இரண்டு பேர், இரண்டு நேரெதிர் முடிவுகள், கொஞ்சம் அதிகமாகத் திட்டம் போட்டதுபோல் இருக்கிறதே என்று எனக்கும் தோன்றியது. ஆனால் எங்கள் மாவட்டத்தில் கல்லை விட்டெறிந்தால் இப்படி ஒரு ஜோடி மேல்தான் விழும்.]

மாநாட்டில் கொள்கை அறிக்கை ஒன்றை வரிவரியாக நிறைவேற்றுவார்கள். இந்த முறை கெண்ட்ரா ஒரு வரி எழுதியிருந்தாள்: நம்மை நம்பி நம் பக்கம் நின்றவர்களுக்குத் தந்த சொல்லை இந்த நாடு காப்பாற்ற வேண்டும், தேவையானால் படையோடும்.

மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்பு, வயலோரம் நிறுத்திய ரஸலின் வண்டியில் இருவரும் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள்.

"கடைசி ரெண்டு வார்த்தையை எடுத்துடு. நானே மொத ஆளா கை தூக்குறேன்."

"படை இல்லாத வாக்குறுதி வாழ்த்து அட்டை மாதிரி, ரஸல். பாக்க அழகா இருக்கும். நசீர் அதை வெச்சு என்ன பண்றது?"

"டேரல் மாதிரி இன்னொருத்தனை அனுப்புவாங்க. அதை வெச்சு எங்கம்மா என்ன பண்றது?"

விதைத் தோல் இரண்டு பக்க ஜன்னல் வழியாகவும் வெளியே போய்க்கொண்டிருந்தது. பிறகு ரஸல் சொன்னான்:

"அந்த வரி நிறைவேறிச்சுன்னா சனிக்கிழமை நான் சர்ச்சுக்கு வருவேனான்னு எனக்கே தெரியல. மிரட்டுறேன்னு நெனச்சுக்காத. நெஜமாவே தெரியல."

"மிரட்டல்னா நான் சமாளிச்சுடுவேன். இது அதைவிட மோசம்."

மாவட்டத்தின் கொள்கை வரி மாநில மாநாட்டுக்குப் போகும். அங்கே நூறு மாவட்டங்களின் வரிகளோடு சேர்ந்து கரைந்துபோகும். வாஷிங்டனில் ஒரு காகிதம்கூட அதனால் அசையாது. அதனால் அசையக்கூடியது உலகத்திலேயே ஒன்றுதான். அது சனிக்கிழமை.

4.

இங்கே நான் ஒரு வாக்கியம் எழுதினேன்: ஆனால் ரஸல் வருவான் என்று எனக்குத் தெரியும்.

எழுதி முடிக்கவில்லை, ரஸல் பக்கத்தைவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

நான் எழுதுகிறவள், எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்றேன்.

"அதாவது நீ மேல உக்காந்திருக்க. நாங்க கீழ. எங்களுக்கு எது நல்லதுன்னு எங்களைவிட உனக்கு நல்லாத் தெரியும். உன்னை யாரும் தேர்ந்தெடுக்கல. நீ தப்பு பண்ணினா கஷ்டப்படுறது நாங்க. சரியா?"

சரி மாதிரித்தான் இருந்தது.

"இதுக்கு நாங்க ஒரு பேரு வெச்சிருக்கோம். வாஷிங்டன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் விடவில்லை. சோளம் எப்போது விதைப்பது என்பது மண்ணைத் தொட்டுப் பார்க்கிறவனுக்குத்தான் தெரியும், அலுவலகத்தில் வரைபடம் பார்க்கிறவனுக்குத் தெரியாது என்றான். ஒரு மனிதன் சனிக்கிழமை காலையில் சட்டையை மாட்டுவானா மாட்டானா என்பதும் அப்படித்தான் என்றான். என் மொத்தத் தொழிலையும் ஒரு மாட்டுக்காரன் இரண்டு நிமிடத்தில் கழற்றிப் போட்டுவிட்டான். பதிலுக்கு அவனுக்குத் தொப்பி ஒன்று கொடுத்தேன். நல்ல தொப்பி. வாங்கிக்கொண்டான். நன்றி சொன்னானே தவிர நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டேன். நீங்கள் படிக்காததாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

5.

மாநாடு. நிலவரியை எதிர்க்கும் வரி படித்து முடிப்பதற்குள்ளேயே நிறைவேறியது. பள்ளிக்கூடங்களைப் பெற்றோர்கள் நடத்த வேண்டும், தலைநகரம் அல்ல என்ற வரியும் அப்படியே. எல்லோரும் சில்லி என்ற காரக் குழம்பில் பட்டை மணக்கும் இனிப்பு ரோலைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே ஆம், ஆம் என்றார்கள். வாய் நிறைய இருந்தவர்கள் தலையை ஆட்டினார்கள்.

பிறகு கெண்ட்ராவின் வரி வந்தது. தலைவர் பேசக்கூடாது என்பதால் மேவிஸ் டீட்ஸ் அதை முன்மொழிந்தாள். மேவிஸ் தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் அவள் கணவர் ஆர்வல், பயிர்க் காப்பீடு விற்று ஓய்வு பெற்றவர். இருவரும் எப்போதும் ஒரே பக்கம்: பலமான அமெரிக்கா, பயப்படுகிற எதிரிகள், சூடான காபி.

எங்கள் மாவட்டத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. ஆதரவாக ஒருவர் பேசினால் அடுத்து எதிராக ஒருவர் பேச வேண்டும். மறுபடி ஆதரவு, மறுபடி எதிர்ப்பு. ஏதாவது ஒரு பக்கத்தில் பேச ஆளில்லாமல் போனால் அந்த நிமிடமே ஓட்டெடுப்பு. இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்பதாலேயே அதை யாரும் மாற்றத் துணிய மாட்டார்கள்.

மேவிஸ் பேசினாள். ரஸல் எதிர்த்துப் பேசினான். தன் வேலியைப் பார்த்துக்கொள்கிறவன் கோழை இல்லை என்றான். நம்மைத் தாக்காதவன் ஊரில் போய் நாம் ஊர் கட்டித் தர முடியாது, நம் ஊரையே இன்னும் கட்டி முடிக்கவில்லை என்றான். தம்பியின் பெயரைச் சொல்லவில்லை. சமையலறை வாசலில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அவன் அம்மா ஐரீன் அவன் சொல்லாமல் விட்ட இடத்தில் தலையைக் குனிந்துகொண்டாள். அரங்கம் கிட்டத்தட்டச் சரிபாதியாகப் பிரிந்து நின்றது. நகரத்துக்காரர்கள் கெண்ட்ராவின் வரிக்கு. விவசாயிகள் ரஸலுக்கு, நாலே நாலு பேர் குறைவு.

அப்போதுதான் பேஜர்கள் அலறின.

பக்கத்து மாவட்டத்தில் புல்வெளித் தீ. காற்று பலமாக இருந்தது. எங்கள் தீயணைப்பு வீரர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள், அதாவது விவசாயிகள், அதாவது ரஸலின் பக்கம். மேசைகளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வீரர்களாக இல்லாதவர்கள் டிராக்டர் எடுக்க ஓடினார்கள், எரியாத புல்லை உழுது தீயின் பாதையை அறுக்க. மனைவிமார்கள் ரொட்டியும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். எதிர்ப்பு அணி முழுவதும் வாசல் வழியாக வெளியேறியது. ஆதரவு அணியில் போனவர்கள் இரண்டே இரண்டு பேர்.

யாரோ ஒருவர் மேல் வாசலில் இருந்த சமோவார் இடித்துவிட்டது. மன்னிக்கவும்.

6.

இப்போது கெண்ட்ராவின் முன்னால் முழு ஆதரவு. அவள் நியாயமானவள், ஒத்திவைக்கலாமா என்று கேட்டாள். யாரோ ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். தோற்றது. ஜெயிக்கப்போகிறவர்கள் எதற்கு ஒத்திவைப்பார்கள்?

விதி தெளிவாக இருந்தது. கெண்ட்ரா விதியை நம்புகிறவள். தலைவருக்குப் பிடித்தால் விதி, பிடிக்காவிட்டால் விலக்கு என்று ஆரம்பித்தால் அப்புறம் தலைவர் எதற்கு, ராஜாவே போதும் என்று அவளே பல முறை சொல்லியிருக்கிறாள்.

"எதிர்த்துப் பேச யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

காபிக் கலனின் மூடி மட்டும் பேசியது.

அவள் சுத்தியலைத் தூக்கினாள்.

இதுதான் நான் பார்த்த கை; பேஜர்களை மட்டும் கதைக்காகக் கொஞ்சம் முன்னால் நகர்த்திவிட்டேன். இதற்குமேல் எனக்கு எதுவும் தெரியாது. அதனால் மிகுந்த உற்சாகத்தோடு தொடர்கிறேன்.

வாய்ப்பு ஒன்று: சுத்தியல் விழுகிறது. வரி நிறைவேறுகிறது. ரஸல் கரி படிந்த முகத்தோடு திரும்பி வந்து, தன் முதுகுக்குப் பின்னால் நடந்ததைக் கேட்கிறான். இதை எழுதிப் பார்த்தேன். அரைப் பக்கத்துக்குமேல் போக முடியவில்லை. எனக்கே அவள் மேல் கோபம் வந்துவிட்டது.

வாய்ப்பு இரண்டு: நான் மழையைக் கொண்டுவருகிறேன். தீ அணைகிறது, எல்லோரும் உடனே திரும்புகிறார்கள். இதற்கு ஆர்வல் டீட்ஸ் பக்கத்தின் ஓரத்திலிருந்து கையை உயர்த்தினார். முன்னறிவிப்பே இல்லாமல் மழையா, காப்பீட்டுக் கணக்கெல்லாம் என்ன ஆகும், கொஞ்சம் பொறுப்போடு நடந்துகொள் என்றார். மழையை வாபஸ் வாங்கினேன்.

வாய்ப்பு மூன்று: நான் ஒன்றுமே செய்யாமல் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கிறேன். ரஸல் சொன்னபடி. இதுதான் மரியாதை என்று நினைத்தேன். அப்போது, சுத்தியலைத் தூக்கியபடியே, கெண்ட்ரா என்னிடம் பேசினாள். உதடு அசையவில்லை, அசைந்தால் பிரதிநிதிகள் பார்த்துவிடுவார்கள்.

"நீ பாட்டுக்கு வேடிக்கை பாப்பியா?"

உங்கள் விவகாரத்தில் தலையிடக்கூடாது என்று ரஸல் சொல்லியிருக்கிறான் என்றேன்.

"அவன் அப்படித்தான் சொல்லுவான். உன்னால ஒரு வரி எழுத முடியும். எழுதாம இருக்க. சும்மா நிக்கறதும் ஒரு முடிவுதான். அதுக்கும் யாரோ ஒருத்தர் செத்துப்போவாங்க."

அவன் பேசியபோது அவன் சொன்னது சரி. இவள் பேசியபோது இவள் சொன்னது சரி. வாழ்நாளில் முதல் முறையாக எனக்கு ஒரு வெளியுறவுக் கொள்கை தேவைப்பட்டது.

யோசித்தேன். பிறகு மிகச் சிறிய அளவில் தலையிட்டேன். ஆர்வலின் முழங்காலில் ஒரு சுளுக்கைக் கொடுத்தேன். சுளுக்கு வந்தால் அவர் எழுந்து நிற்பார். எழுந்து நின்றால் போதும், மிச்சத்தை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பினேன்.

7.

ஆர்வல் எழுந்து நின்றார். முழங்காலைத் தடவினார். மண்டபம் முழுவதும் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார்.

"தலைவரம்மா," என்றார், "நான் எதிர்க்கிறேன்."

"ஆர்வல்," என்றாள் மேவிஸ், "காது மெஷின்ல பேட்டரி போச்சா? நாம ஆதரவு."

"தெரியும். இருந்தாலும் எதிர்க்கிறேன். தோக்கறதுக்கு ஆளே இல்லாத எடத்துல ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு எறங்காது. பசங்க வர்ற வரைக்கும் அவங்க பக்கத்துல நான் நிக்கிறேன்."

கெண்ட்ராவின் கை மெல்லத் தாழ்ந்தது. சுத்தியல் சத்தமில்லாமல் மேசையில் படுத்தது. எதிர்ப்புப் பேச்சுக்கு அனுமதி என்றாள்.

இது நான் திட்டமிட்டது இல்லை. நான் கொடுத்தது சுளுக்கு மட்டும்.

முதலில் ஆர்வல் பரிதாபமாகப் பேசினார். வெளிநாடுகள் தூரத்தில் இருக்கின்றன என்றார். விமானத்தில் கால் நீட்ட இடமில்லை என்றார். அங்கே காபி சிறிய கோப்பையில் வரும் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னார். மண்டபம் குலுங்கியது. இதுதான் எதிர்ப்பு என்றால் அடுத்த மாநாட்டிலும் ஜெயிப்பது நாம்தான் என்று மேவிஸ் பக்கத்து வரிசைக்கு அறிவித்தாள். ஆர்வல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பேசியது போதவில்லை, தூரத்துப் புகை இன்னும் ஜன்னலில் இருந்தது. வேறு ஏதாவது சொல்ல வேண்டும். தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்துக்குப் போனார்.

"ஆலங்கட்டி மழை வந்தா பணம் தர்றோம்னு ஆயிரம் பேருக்கு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ஒரு தடவையும் என் கை நடுங்கல. ஏன்னா அது என் பணம் இல்ல."

யாரோ சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இந்த மண்டபத்துல படை போகணும்னு எப்ப ஓட்டு வந்தாலும் மொதல்ல தூக்கின கை என்னோடது. அப்பவும் நடுங்கல. கை தூக்கினது நானு. போனது டேரல்."

சமையலறையில் தண்ணீர்க் குழாயை யாரோ மூடினார்கள். ஐரீன் வாசலுக்கு வந்து நின்றாள். ஆர்வல் அவளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் முகம், அடுத்தவர் வீட்டுக் கதவைத் தெரியாமல் திறந்துவிட்டவரின் முகம் மாதிரி இருந்தது.

[என் தொழிலில் இதைத்தான் கனவு காண்பார்கள்: பாத்திரம் தானே நடக்க ஆரம்பிக்கும் இடம். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அறைக்குள் இரண்டு சுற்றுச் சுற்றி வந்தேன். கொஞ்சம் ஆடினேன் என்றுகூடச் சொல்லலாம்.]

மேவிஸ் உடனே எழுந்து ஆதரவாகப் பேசினாள், கணவனைப் பார்க்காமல். கொடுத்த சொல்லைக் காப்பாற்றாத நாட்டோடு அடுத்த முறை யார் நடந்து வருவார்கள் என்று கேட்டாள். டேரல் எதற்காகப் போனானோ அதைப் பாதியில் விட்டால் அவன் போனதற்கு என்ன பொருள் என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. அவள் டேரலுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள்.

அதற்குப் பிறகு மண்டபத்துக்குப் பைத்தியம் பிடித்தது. ஆதரவாளர்கள் வரிசையாக எழுந்து தங்களையே எதிர்த்துப் பேசினார்கள். வங்கி மேலாளர் தன் பக்கத்து வாதத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுவிட்டு, பயந்துபோய், ஐந்து நிமிடம் கழித்துத் தனக்குத் தானே பதில் சொல்ல அனுமதி கேட்டார். பாதிரியார் ஒரே பேச்சில் இரண்டு பக்கமும் பேசியதால் அதை இரண்டு பேச்சாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. எதிரி என்ன சொல்வான் என்பது எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கொஞ்சம் அழகாகவே சொன்னார்கள். எத்தனை வருடமாக உப்பை நகர்த்திக் கொடுத்திருக்கிறார்கள்!

8.

தீயணைத்துவிட்டு வந்தவர்கள் புகை வாசனையோடு உள்ளே நுழைந்தபோது, பள்ளி ஆசிரியை ஒருத்தி ரஸலின் வாதத்தை ரஸலைவிட நன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வந்தவர்கள் வாசலிலேயே நின்று கேட்டார்கள். அவர்களில் சிலர் கை தட்டினார்கள். பிறகுதான் அவள் யார் என்று பார்த்தார்கள்.

[இந்த இடத்தில், வரும் வழியில் வண்டிக்குள் ரஸலின் நண்பர்கள் கெண்ட்ராவின் வாதத்தைப் பேசிக்கொண்டு வந்ததாக ஒரு பத்தி எழுதினேன். ரொம்ப அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது. வெட்டிவிட்டேன். அவர்கள் வண்டியில் தூங்கிக்கொண்டு வந்தார்கள்.]

மேவிஸால் சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன ரஸல், பக்கத்து மாவட்டத்துத் தீயாமே? நம்ம வேலி இல்லையே?"

"போனோம், அணைச்சோம், சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிட்டோம், மேவிஸ். உங்க ஆளுங்க போனா இருபது வருஷம் ஆவுது."

எதிர்ப் பக்கம் மட்டுமில்லை, எல்லாப் பக்கமும் சிரித்தது. கெண்ட்ராவும் சிரித்தாள். ரஸல் அவளைப் பார்த்துச் சிரித்தான். பல் மட்டும் வெள்ளை. அந்த ஒரு கணத்தில் கதை முடிந்திருந்தால் நானும் நீங்களும் நிம்மதியாகத் தூங்கப் போயிருக்கலாம்.

சுத்தியல் விழுந்தது. ஓட்டெடுப்பு. ஆதரிப்பவர்கள் கிழக்குச் சுவர், எதிர்ப்பவர்கள் மேற்குச் சுவர். நாற்காலிகள் மடங்கின, ஆட்கள் நடந்தார்கள். ஆதரவு அணியிலிருந்து போன இருவரும் தணலைக் காவல் காக்க அங்கேயே தங்கிவிட்டிருந்தார்கள். ஆர்வல் நடு மண்டபத்தில் கொஞ்ச நேரம் தனியாக நின்றார். பிறகு மேற்கே நடந்தார். கிழக்குச் சுவரிலிருந்து மேவிஸ் சொன்னது எனக்குக் கேட்டது: இன்னிக்கு நீதான் சமையல். ஆர்வல் தலையை ஆட்டிக்கொண்டார்.

எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். சரிசமம்.

சமமாக வந்தால் தலைவர் ஓட்டுப் போடலாம். போடாவிட்டால் தீர்மானம் தோற்றுவிடும். அதாவது கெண்ட்ரா வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். சனிக்கிழமை பத்திரமாக இருக்கும்.

நான் அதை எழுதினேன். ஒளிக்காமல் சொல்கிறேன், மிகுந்த சந்தோஷத்தோடு எழுதினேன். அவள் வாய் திறக்கவில்லை. தீர்மானம் தோற்றது. சனிக்கிழமை தேவாலய மணி, அக்கார்டியன் வாத்தியக் குழு, மணப்பெண்ணோடு ஆட வரிசை கட்டி நிற்கும் மாமன்கள், ஐரீன் நீலச் சட்டையில். ஆறு பக்கம் எழுதினேன். ஆறாவது பக்கத்தில், ஆட்டத்தின் நடுவில், கெண்ட்ரா நின்றுவிட்டாள். ரஸலின் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

"என் வாயைக் கட்டியே நசீரை விட்டுட வெச்சுட்ட," என்றாள். "இப்ப ஆடுன்னா எப்படி ஆடுறது?"

வேறு யாருக்கும் கேட்கவில்லை. அக்கார்டியன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ரஸல் கவனித்துவிட்டான், தன் கைக்குள் இருப்பவள் வேறு யாரோ என்று.

ஆறு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

மண்டபம். சரிசமம். இரண்டு சுவரிலும் மனிதர்கள். கெண்ட்ரா எழுந்து நின்றாள். காகிதத்தைப் பார்க்கவில்லை, ரஸலைப் பார்த்தாள்.

"தலைவர் ஆதரவு," என்றாள். "தீர்மானம் நிறைவேறியது."

9.

யாரும் கை தட்டவில்லை. ஜெயித்தவர்களுக்கும் அது தோன்றவில்லை. எல்லோரும் மேற்குச் சுவரைப் பார்த்தார்கள்.

ரஸல் சுவரிலிருந்து முதுகை எடுத்தான். தொப்பியைக் கழற்றினான். நடக்க ஆரம்பித்தான்.

மண்டபத்தின் அமைப்பைப் பற்றி இப்போது ஒன்று சொல்லியாக வேண்டும். தலைவரின் மேசை தெற்குக் கோடியில் இருக்கிறது. வெளியே போகும் கதவும் தெற்குக் கோடியில்தான், மேசைக்கு வலப்பக்கம், ஒரு ஆள் இடைவெளியில். கதவுக்குப் போகிறவனும் மேசைக்கு வருகிறவனும் கடைசி ஓரிரண்டு அடி வரைக்கும் ஒரே மாதிரிதான் நடப்பார்கள்.

அவன் நடக்கிறான். கரி படிந்த பூட்ஸின் தடம் தரையில் விழுகிறது. ஐரீன் சமையலறை வாசலில் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறாள். மகனைக் கூப்பிடவில்லை, தடுக்கவும் இல்லை. கெண்ட்ரா மேசையை விட்டு நகரவில்லை. ஆர்வல் பெருமூச்சு விடுகிறார். மேவிஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். எப்போது சுவர் தாண்டி வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

ரஸல் நடந்துகொண்டே என்னிடம் சொல்கிறான்: கை வைக்காதே. இது எனக்கே தெரியாத விஷயம், உனக்கு எப்படித் தெரியும்?

கெண்ட்ரா அசையாமல் என்னிடம் சொல்கிறாள்: ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுத உன்னால் முடியும். முடியும்போது எழுதாமல் இருப்பாயா?

நான் இருவரையும் நேசிக்கிறேன். அதனால் நான் நம்பத்தகுந்தவள் இல்லை. ஏற்கெனவே ஒரு சுளுக்குக் கொடுத்திருக்கிறேன், ஆறு பக்கம் கல்யாணம் நடத்தியிருக்கிறேன். இந்த மண்டபத்தில் என் கை படாத இடம் இந்தக் கடைசி ஓரிரண்டு அடிதான்.

உங்களுக்கோ இவர்கள் யாருமில்லை. உங்கள் மாவட்டம் வேறு, உங்கள் மொழி வேறு, இவர்கள் சாப்பிடும் ரோல்கூட உங்களுக்குப் பிடிக்குமா தெரியாது. இது உங்கள் சண்டையே இல்லை. வேண்டாம் என்று நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டால் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. அவன் இப்படியே, நடுத் தரையில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே இருப்பான். அவள் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அல்லது அந்த ஒரு வரியை நீங்கள் எழுதலாம்.

நான் காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கிறேன். ரஸல் மேசைக்கும் கதவுக்கும் வழி பிரியும் இடத்துக்கு வந்துவிட்டான். என்ன செய்யப் போகிறீர்கள்?